அரசனில்லாக் கோட்டையும் தெய்வம் மீண்ட கோவிலும்

வேலூர் மக்கள் தம் ஊரைத் தாமே எள்ளிக் கூறும் பழமொழி ஒன்றுண்டு. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, தெய்வமில்லாத கோவில் என அது அடுக்கிச் செல்லும். சென்ற ஆண்டு காட்பாடிப் புகையிரத நிலையத்திலிருந்து எங்களை ஏற்றிச் சென்ற முச்சக்கரவண்டிச் சாரதியும் இதனையே கூறினார். கூறிவிட்டு, “அதுல ஒண்ணு இப்போ குறைஞ்சுபோச்சு சார்” என்று சிரித்தார். குறைந்துபோனது யாது என்பதை அன்று நான் கேட்கவில்லை. என் மனம் வேறிடத்தில் இருந்தது.

யாழ்ப்பாணத்தார் வேலூருக்குச் செல்வது பெரும்பாலும் கோட்டை காண்பதற்கன்று. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடியே செல்வர். என் தாயாருக்கு இருதய நோய். கரம்பொன்னிலிருந்து புறப்பட்டு, பலாலியில் விமானமேறிச் சென்னை வந்து, அங்கிருந்து மேற்கே 140 கிலோமீற்றர் அளவு பயணஞ் செய்து அவ்வூரை அடைந்தோம். அந்த மருத்துவமனையை 1900ஆம் ஆண்டில் ஒரேயொரு படுக்கையுடன் தொடங்கிய அமெரிக்கப் பெண்மணி ஐடா ஸ்கடர். அவருடைய பாட்டனார் ஜோன் ஸ்கடர் 1820களில் நம் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி புரிந்தவர். பாட்டனார் நம்மிடம் வந்தார்; பேர்த்தியாரிடம் நாம் செல்கிறோம்.

பரிசோதனைகள் முடிந்தன. மறுநாட் காலையில் வைத்தியர் தம் முடிவைக் கூறுவதாக இருந்தது. விடுதி அறையில் இருந்து நெஞ்சு வேகுவதைக் காட்டிலும் எங்கேனும் செல்வது நலமென எண்ணினேன். அம்மாவோ முன்னமே தீர்மானித்திருந்தார். “தம்பி, கோட்டைக்குள்ளை ஒரு சிவன் கோவில் இருக்காம். நாளைக்கு என்ன சொன்னாலும் சொல்லட்டும். இண்டைக்கு ஒருக்காக் கும்பிட்டிட்டு வருவம்” என்றார்.

நகரின் நடுவே, கடைத்தெருவின் இரைச்சலுக்கு மிக அண்மையில், 133 ஏக்கர் நிலத்தை வளைத்து நிற்கிறது அக்கோட்டை. கருங்கல் மதில், அதனைச் சூழ அகழி, அகழியில் இன்றும் நீர் நிற்கிறது. முன்னாளில் அதில் முதலைகளை விட்டிருந்தனர் என்பர். விசயநகர வேந்தர்க்குட்பட்ட சின்ன பொம்மி நாயக்கர் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பியது இது. இந்நாயக்கரின் ஆதரவிலேயே அப்பைய தீட்சிதர் வாழ்ந்தார். சிவார்க்கமணி தீபிகை இயற்றிய அப்பெரியாருக்கு நாயக்கர் கனகாபிஷேகம் செய்து சிறப்பித்தார் என்பது வரலாறு. பின்னர் பீஜப்பூர்ச் சுல்தானும், மராட்டியரும், மொகலாயரும், ஈற்றில் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக அக்கோட்டையைக் கைக்கொண்டனர்.

ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் அது அரசர்களைப் பூட்டிவைக்கும் பெட்டகமாயிற்று. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் திப்பு சுல்தானின் மக்களை அங்கே வைத்தனர். நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, புதுவகைத் தலைப்பாகை அணிக என்று பிறந்த கட்டளைகளால் 1806 யூலை 10ஆம் நாள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் அங்கேதான். அன்றே ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படை விரைந்து வந்து அவர்களை நசுக்கியது. மாணவர்கள் இதனைப் பாடநூலிற் படித்திருப்பர்.

ஆனால் இலங்கையர் அங்கு நின்று நோக்கவேண்டியது கண்டி மகால் என்னும் கட்டடத்தையே. கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18இல் பிடிபட்டான். அடுத்த மாதம் எழுதப்பட்ட உடன்படிக்கையில் ஒப்பமிட்ட பிரதானிகளுட் சிலர் தமிழெழுத்திலே கையொப்பமிட்டனர். 1816 சனவரியில் மன்னனையும் அவன் குடும்பத்தாரையும் கொழும்பிற் கப்பலேற்றிச் சென்னை வழியாக வேலூருக்குக் கொண்டுசென்றனர். பதினாறு ஆண்டுகள் அங்கே சிறையிருந்து 1832 சனவரி 30இல் அவன் இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதிமேல் முத்து மண்டபம் நிற்கிறது.

எங்கள் ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்றால் கடல்நடுவே அம்மன்னீல் என்னும் கடற்கோட்டை தோன்றும். போர்த்துக்கேயர் எழுப்பி, ஒல்லாந்தர் கைப்பற்றிய அதுவும் பிற்காலத்திற் சிறையாகவே பயன்பட்டது. சிறுவயதில் நாடோறும் அதனைப் பார்த்துப் பழகியவனாதலால், கோட்டை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வீரமன்று, பூட்டிய கதவுதான்.

கோட்டையின் உள்ளே நின்றது சலகண்டேசுவரர் ஆலயம். நீரில் உறையும் ஈசன் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். வாயிலைக் கடந்ததும் இடப்புறத்தே கல்யாண மண்டபம். தூண்தோறும் யாளிகளும், பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் குதிரைகளும், அவற்றின்மீது வீரர்களும்! ஒரே கல்லில் இத்துணை நுணுக்கமா என்று கண் மயங்குகிறது. இம்மண்டபத்தைப் பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்ல ஆங்கிலேயர் எண்ணினரென்றும், அதற்கென வந்த கப்பல் கடலில் மூழ்கியதால் தப்பியதென்றும் ஒரு கதை வழங்குகிறது. அவர்களே பின்னர் இதனை வெடிமருந்துக் களஞ்சியமாகவும் ஆக்கினர்!

போர்க்காலங்களில் மூலவரைக் காப்பதற்காக வெளியே கொண்டுசென்ற அடியார்கள் அருகிலுள்ள சத்துவாச்சாரியில் வைத்திருந்தனர். கருவறை வெறுமையாயிற்று. ஆண்டு இரண்டு ஆண்டல்ல, தலைமுறை தலைமுறையாக. பின்னர்த் தொல்பொருள் துறையின் பாதுகாப்புக்குட்பட்ட சின்னமென்பதால் வழிபாட்டுக்குத் தடையும் இருந்தது. ஆயினும் 1981 மார்ச் 16ஆம் நாள் ஊர்மக்கள் கூடி இலிங்கத்தை மீண்டும் உள்ளே எழுந்தருளச் செய்தனர். சாரதி சிரித்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

தீபாராதனை முடிந்து வெளிப் பிரகாரத்திலே அமர்ந்தோம். நான் இவ்வரலாற்றைக் கூறியதும் அம்மா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “எங்கடை வைரவர் மாதிரித்தான்” என்றார்.

1990ஆம் ஆண்டில் நாங்கள் ஊரை விட்டோடியபோது எனக்குப் பத்து வயது. எங்கள் குறிச்சியிலுள்ள வைரவர் கோவில் ஓர் அறையளவு; மூலவர் ஒரு சூலம். அப்பாச்சி அதனைப் பிடுங்கிச் சேலைத்துண்டிற் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். தையற்பொறியையும் பாத்திரங்களையும் விட்டுவந்தாரென்று அப்பா கடிந்ததும் நினைவிருக்கிறது. 1995இல் யாழ்ப்பாண நகரத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்தபோதும் அச்சூலம் உடன் வந்தது. 2002இல் ஊர் திரும்பினோம். கூரையில்லாக் கோவிலுக்குள் ஆலங்கன்று முளைத்திருந்தது. அப்பாச்சி தம் கையாலேயே சூலத்தை நட்டு, தேங்காய்ப் பாதியில் நெய்விட்டுத் திரி கொளுத்தினார். அதற்கடுத்த ஆண்டு காலமானார்.

நாயக்கர் எழுப்பிய கல்மலைக்கும் எங்கள் ஓரறைக் கோவிலுக்கும் ஒப்புமை கூறுவது சரித்திர ஆசிரியனுக்கு அழகன்று. ஆயினும் அம்மாவை மறுத்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

இருள் கவிந்தது. அகழி நீரில் நகரத்து விளக்குகள் நெளிந்தன. மதிலோரமாக மெல்ல நடந்து வந்த அம்மா, மூச்சு வாங்குவதற்காக நின்றார். நாளைய முடிவைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நான் மறுமொழி ஒன்றை மனத்தில் ஆயத்தஞ் செய்துகொண்டேன். அவர் கேட்டது வேறு.

“தம்பி, போனை எடுத்து ஒருக்கா வீட்டை கேள். வைரவருக்கு இண்டைக்கு ஆர் விளக்கு வைச்சது?”

கேட்டேன். அயல்வீட்டுச் சிறுவன் வைத்துவிட்டானாம்.