எஃப்.எம்.மில் ஒளிந்திருக்கும் முதல் நட்சத்திரங்கள்

எங்களைப் போன்ற வானொலி அறிவிப்பாளர்களுக்கு ஸ்டூடியோவில் பெரிய பயம் மௌனம்தான். சில விநாடி சத்தம் நின்றாலே கை அடுத்த பாட்டைத் தேடும். அந்த மௌனத்தைத் தேடியே பாலைவனத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ரேடியோ தொலைநோக்கி கட்டுபவர்கள்!

ஹைட்ரஜன் அணு 1,420 மெகாஹெர்ட்ஸில் மிக மெல்லிய ரேடியோ அலையை வெளியிடும். முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கிய காலத்தில் கிளம்பிய அலை, 1,300 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து இப்போது நம்மை வந்தடைகிறது. வழியெல்லாம் பிரபஞ்சம் விரிந்துகொண்டே போவதால் அலையும் இழுபட்டு நீள்கிறது. 14 மடங்கு நீண்டால், 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து நிற்கும். காரில் 88க்கும் 108க்கும் நடுவே நிலையம் மாற்றுகிறீர்களே, அதே இடம்தான். ஜெஞ்சாரோம் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஆன்டெனா வைத்தாலும், கேட்கப்போவது எங்கள் பேச்சுதான்.

அதனால்தான் மேற்கு ஆஸ்திரேலியாவில், வஜாரி யமாஜி பூர்வகுடியினரின் நிலத்தில், ஆளரவமற்ற இடத்தில் 'எஸ்.கே.ஏ. லோ' எழுகிறது. இரண்டு மீட்டர் உயரத்தில், கிறிஸ்மஸ் மரம்போல 131,072 ஆன்டெனாக்கள். 50 முதல் 350 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். தென்னாப்பிரிக்காவில் இதன் ஜோடியாக 197 தட்டுகள். முதல் நட்சத்திரங்கள் எப்போது எரிந்தன, சுற்றியிருந்த வாயுவை எப்படிச் சூடாக்கின என்பது இதில் தெரியவரலாம்.

இந்தக் கதையில் ஊட்டிக்கும் இடமுண்டு. 1970இல் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் அங்கே 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை அமைத்தார்கள். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 பாகை. சரிவும் அதே 11 பாகை உள்ள மலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். பணம் குறைவாக இருந்த காலத்துக் கெட்டிக்காரத்தனம், எனக்கு எஸ்.கே.ஏ.வைவிட இதுதான் பிடித்திருக்கிறது. அதை நடத்தும் புனே ஆய்வு மையம், இப்போது எஸ்.கே.ஏ.வின் கட்டுப்பாட்டு மென்பொருள் வேலையிலும் முன்னிற்கிறது.

பாலைவனத்தில் வானொலி நிலையம் இல்லை, சரி. தலைக்கு மேலே? இணையச் சேவைக்காக ஆயிரக்கணக்கில் சுற்றும் செயற்கைக்கோள்களின் கருவிகளிலிருந்து ரேடியோ அலைகள் கசிவதை, ஐரோப்பாவின் லோஃபார் தொலைநோக்கி பதிவு செய்து 2023இல் வெளியிட்டது. நமக்கோ வேகமான இணையமும் வேண்டும். பூமியின் இரைச்சலை நிலாவே மறைத்துக்கொள்ளும் அதன் மறுபக்கத்தில், ஒரு சிறிய ரேடியோ கருவியை இறக்க நாசா திட்டமிட்டுள்ளது.