மரிம்பாவின் சிறு தனியிசைகள்

மரச்சட்டங்களைக் கோலால் அடித்து இசைக்கும் மரிம்பாவில், கைக்கிரண்டாக நான்கு கோல்களை ஆளுதல் எளிதன்று. ஒரு கோல் அடிக்கையில் அதே கையின் மற்றையது அசையாதிருத்தல் வேண்டும். மறுகணமே இரண்டின் இடைவெளியும் மாறவேண்டிவரும். இத்திறன் அப்பியாசங்களால் மட்டும் கைகூடுமென நாம் கருதவில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக் குழுவின் டிம்பனிக் கலைஞராக விளங்கிய மிச்சல் பீற்றர்ஸ், தொடக்க மாணவர்க்கேற்ற இசைச்சுவையுள்ள படைப்புகள் அரிதாயிருந்தமையாலேயே 1971இல் ‘மழைக்குப் பின் மஞ்சள்’ என்னும் பொருள்படும் தனியிசையை ஆக்கினார். சில நிமிடங்களே நீளும் அதில் நுட்பம் தனிப்பாடமாக நிற்பதில்லை. இசையின் தேவையாகவே எதிர்ப்படுகின்றது. மணிக்கட்டுப் பிழைத்தால் மெட்டுச் சிதைவதை மாணவரின் செவியே கண்டுகொள்ளும். லீ ஹவர்ட் ஸ்டீவன்ஸ் 1979இல் வெளியிட்ட நூலின் 590 அப்பியாசங்கள் வேண்டாதனவல்ல. ஆயின், இடறிய இடத்தைத் தனியிசையில் கண்டறிந்தபின் அவற்றை நாடுதலே முறை என்போம்.