காற்றில் போட்ட தையல்

துணிக் கடைக்குச் செல்லும் எவரும் துணியில் ஓர் ஓட்டை இருக்கக் கண்டால் அதை வாங்கமாட்டார். கடைக்காரரோடு சண்டைக்கே போனாலும் போவார். ஆனால் ஓட்டைகளுக்காகவே பொன்னைக் கொட்டிக் கொடுத்து, மன்னர்களும் பிரபுக்களும் வாங்கி அணிந்த வஸ்து ஒன்று உலகத்தில் உண்டு. அதை இன்று 'லேஸ்' என்கிறோம். தமிழில் அதற்கு 'ரேந்தை' என்று பழைய பெயர் ஒன்றும் இருக்கிறது. ஜன்னலும் அலமாரியும் சாவியும் எந்தக் கப்பலில் நம் பாஷைக்கு வந்தனவோ, அதே போர்த்துக்கீசியக் கப்பலில் வந்து இறங்கிய சொல் அது.

நம்முடைய உடைக்கு ரேந்தை அதிகமாகத் தேவைப்படாததற்குத் தக்க காரணம் உண்டு. புடவையானாலும் வேஷ்டியானாலும் அதன் கரை தறியிலேயே துணியோடு உடன் பிறந்துவிடுகிறது. ஐரோப்பியருடைய உடையோ வெட்டித் தைக்கும் உடை. வெட்டிய ஓரம் பிரியாதிருக்கத் தைக்கவேண்டும். தைத்த தையல் கண்ணுக்கு அழகாகவும் இருக்கவேண்டும். இவ்வாறு ஓரத்தைக் காப்பதற்காகத் தோன்றிய தையலே நாளடைவில் துணியை விட்டுப் பிரிந்து, துணியைவிடப் பன்மடங்கு மதிப்புப் பெற்றது. பழைய உடையிலிருந்து ரேந்தையைப் பிரித்துப் புதிய உடையில் தைத்துக்கொள்வார்கள். நகைகளைப் போலவே அதையும் உயிலில் தனியாக எழுதி வாரிசுகளுக்கு வைத்துப்போவார்கள்.

ஊசியும் திண்டும்

ரேந்தையில் இரண்டு பெரிய ஜாதிகள் உண்டு. ஒன்று ஊசியால் ஆவது. மற்றொன்று திண்டின்மேல் பின்னுவது.

ஊசி ரேந்தைக்குப் புகழ் தேடித் தந்தது இத்தாலியிலுள்ள வெனிஸ் நகரம். லினன் துணியில் நூல்களை உருவியும், சதுரம் சதுரமாக வெட்டியும், வெட்டிய ஓரங்களில் காஜாத் தையல் போட்டும் அங்குள்ள பெண்கள் சித்திர வேலை செய்து வந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில், 'துணியே எதற்கு?' என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. பதப்படுத்திய தோலின்மேல் சித்திரம் வரைந்து, அந்தக் கோடுகளின் வழியே நூலை ஓட்டி, அதையே ஆதாரமாகக் கொண்டு தையலின்மேல் தையலாகப் போட்டுக்கொண்டு போனார்கள். முடிவில் தோலைப் பிரித்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது தையல் மட்டுமே! இந்த வேலைக்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள் 'காற்றில் போட்ட தையல்' என்பது. இதைவிடப் பொருத்தமான பெயரை எந்தக் கவியும் இட்டிருக்க முடியாது.

திண்டு ரேந்தை ஃப்ளாண்டர்ஸ் நாட்டில், அதாவது இன்றைய பெல்ஜியத்தில், பெரும் சிறப்படைந்தது. உறுதியாக அடைத்த ஒரு திண்டின்மேல் துளையிட்ட சித்திரத் தாளைப் பொருத்துவார்கள். துளைகளில் குண்டூசி குத்துவார்கள். நூலைச் சிறு சிறு மரக் கதிர்களில் சுற்றித் தொங்கவிட்டு, கதிர்களைக் குறுக்கே மாற்றியும் முறுக்கியும் குண்டூசிகளைச் சுற்றிப் பின்னுவார்கள். அடிப்படையில் இந்த இரண்டே அசைவுகள்தாம். ஆனால் அகலமான வேலைக்கு நூற்றுக்கணக்கான கதிர்கள் வேண்டும். எந்தக் கதிரை எப்போது எடுப்பது என்பது விரல்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். வெர்மீர் என்னும் டச்சு ஓவியர் 1670-ஐ ஒட்டி வரைந்த 'ரேந்தை பின்னும் பெண்' என்ற படம் பாரிஸ் நகரத்து லூவர் காட்சிசாலையில் இருக்கிறது. 24.5 சென்டிமீட்டர் உயரமே உள்ள சிறிய படம். அதில் அந்தப் பெண் நம்மை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பார்த்தால் கை தவறிவிடும் அல்லவா?

மந்திரியின் யுக்தி

பதினேழாம் நூற்றாண்டில் ரேந்தைப் பைத்தியம் பெண்களைவிட ஆண்களையே அதிகமாகப் பிடித்திருந்தது. கழுத்திலும் மணிக்கட்டிலும், பூட்ஸின் மேல் விளிம்பிலும்கூட ரேந்தை தொங்கவிடாதவன் கனவானே அல்ல என்ற நிலை. பதினான்காம் லூயியின் பிரெஞ்சுப் பொக்கிஷத்திலிருந்த பணம் வெனிஸுக்கும் ஃப்ளாண்டர்ஸுக்கும் ஓடிற்று. மந்திரி கோல்பேர் இதைக் கண்டார். மோகத்தைத் தடுப்பது இயலாத காரியம். ஆகவே பணத்தைத் தடுக்க முற்பட்டார். வெனிஸிலிருந்து தேர்ந்த தொழிலாளிகளைத் தருவித்து, 1665-இல் அலான்ஸோன் முதலிய ஊர்களில் அரசாங்க ஆதரவுடன் ரேந்தைச் சாலைகளை ஏற்படுத்தினார். அந்நியச் சரக்கை வாங்குவதைக் குறைத்து உள்நாட்டுத் தொழிலை வளர்க்கவேண்டும் என்னும் கொள்கை நமக்குப் புதிதாக உபதேசிக்க வேண்டிய ஒன்றன்று. அதில் வெற்றி கண்டவர்களுள் கோல்பேர் ஒருவர்.

இங்கிலாந்து 1662-இல் வெளிநாட்டு ரேந்தைக்குத் தடை விதித்தது. வர்த்தகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பிரஸ்ஸல்ஸ் ரேந்தையைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து, அதற்கு 'இங்கிலீஷ் ரேந்தை' என்று நாமகரணம் செய்து விற்றுவிட்டார்கள்! சட்டம் கடுமையாவதற்கு முன்பே சட்டத்தைத் தாண்டும் வழி தயாராகிவிடுவது எல்லாத் தேசத்துக்கும் பொது.

அலான்ஸோனில் அந்தக் கலை இன்றும் அழியவில்லை. 2010-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் அதை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. சித்திரத்தைத் துளையிடுதல், கோட்டில் நூல் ஓட்டுதல், வலைத்தளம் நிரப்புதல், விளிம்பைக் காஜாத் தையலால் உயர்த்துதல், தோலிலிருந்து பிரித்தல் எனப் பல படிகள் அதில் உண்டு. கடைசியில் கடல் சிங்கி இறாலின் கொடுக்கால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இவற்றையெல்லாம் ஒரு பெண் பூரணமாகக் கற்க 7 முதல் 10 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் முடிக்க 7 மணி நேரம் ஆகிறது. பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு சிறு சதுரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 100 சதுர சென்டிமீட்டர். ஆக 700 மணி நேரம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் வேலை செய்தாலும் ஏறக்குறைய 88 நாட்கள்! உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய ஓர் அழகுக்கு ஒரு பெண்ணின் மூன்று மாதம்.

இத்தனை உழைப்புக்கு ஊதியம் என்ன? பெருவாரியான பெண்களுக்குச் சொற்பம் என்பதே சரித்திரத்தின் பதில். மெல்லிய லினன் நூல் உலர்ந்த காற்றில் அறுந்துபோகும் என்பதற்காக அதை ஈரம் கசியும் நிலவறைகளில் உட்கார்ந்து நூற்றார்கள். இங்கிலாந்திலே ஐந்தாறு வயதுக் குழந்தைகளை ரேந்தைப் பள்ளியில் விட்டார்கள். இரவில் ஒரே மெழுகுவர்த்தியின் முன் நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளை வைத்து, அவற்றின் வழியே குவிந்து விழும் வெளிச்சத்தில் பலர் சுற்றி அமர்ந்து பின்னினார்கள். அணிந்தவர்களின் பெயர்கள் ஓவியங்களில் இருக்கின்றன. கண் மங்கியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

இயந்திரம் வந்தது

ஜான் ஹீத்கோட் என்ற இங்கிலீஷ்காரர், திண்டில் பின்னும் பெண்களின் கை அசைவுகளைக் கூர்ந்து ஆராய்ந்து, அவ்வாறே பின்னும் வலை இயந்திரத்துக்கு 1809-இல் உரிமைப் பத்திரம் பெற்றார். 1816-இல் லௌபரோ நகரிலிருந்த அவருடைய ஆலைக்குள் ஒரு கூட்டம் புகுந்து, ஐம்பதுக்கு மேற்பட்ட இயந்திரங்களை நொறுக்கிற்று. அவர் அசரவில்லை, டிவர்ட்டன் என்ற ஊருக்குப் போய் மறுபடியும் ஆலை வைத்தார். பிறகு நாட்டிங்ஹாம் நகரத்து இயந்திரங்கள் பூவும் கொடியுமாகவே பின்னித் தள்ளின. கைவேலையின் விலை சரிந்தது. விக்டோரியா ராணி 1840-இல் தம் விவாகத்துக்கு டெவன் ஜில்லாவின் ஹானிட்டன் ரேந்தையை வேண்டுமென்றே கேட்டு வாங்கியது, நொடித்துக்கொண்டிருந்த அத்தொழிலாளிகளுக்குக் கைகொடுக்கத்தான். இருநூறுக்கு மேற்பட்ட பெண்கள் மாதக்கணக்கில் அதற்காக உழைத்தார்கள். வெனிஸை அடுத்த புரானோத் தீவிலோ, பழைய தையல் முறையை முழுவதும் அறிந்தவளாக ஒரே ஒரு கிழவி மிஞ்சியிருந்தாள். 1872-இல் அவளிடமிருந்து கற்று ஒரு பள்ளி தொடங்கினார்கள். ஓர் உயிர் போயிருந்தால் ஒரு கலையே போயிருக்கும்!

நாகர்கோவிலில்

இந்தக் கதையின் ஓர் அத்தியாயம் நம்முடைய நாகர்கோவிலில் நடந்தது. 1819-இல் அங்கே வந்து சேர்ந்த லண்டன் மிஷன் பாதிரியார் சார்ல்ஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, பெண்களுக்குத் திண்டு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அக்காலத்தில் தென் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. 1855-இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலர் ரேந்தை பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் சரித்திரங்கள் கூறுகின்றன. சங்கிலியை வாளால் அறுத்தவர்களைப் பற்றிப் படித்திருக்கிறோம். நூலால் அறுத்தவர்கள் இவர்கள்.

அதே சீமையில், அதே ஆண்டுகளில், நாடார் முதலிய வகுப்புப் பெண்கள் மேலாடையால் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காக அடியும் அவமானமும் பட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். 1859-இல் மகாராஜாவின் பிரகடனம் அதற்கு இடம் கொடுத்தது. அப்போதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதமாக உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. கடல் கடந்த சீமாட்டிகளின் ஆடைக்கு அழகு பின்னிக் கொடுத்த ஊரில், தன் தோள்மேல் ஒரு முழத் துணியைப் போட்டுக்கொள்ளப் பெண்ணுக்குச் சட்டம் வேண்டியிருந்தது! இந்த ஒன்றை நினைத்தால் ரேந்தையின் துளைகள் நமக்கு வேறு விதமாகத் தோன்றாமல் போகா.

கோதாவரிக் கரையிலுள்ள நரசாபூரிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் வழியாகவே குரோஷா ஊசி வேலை பரவிற்று. மரியா மீஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அங்கே ஆராய்ந்து 1982-இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையைச் சுட்டிக் காட்டினார். அந்தப் பெண்கள் நாள் முழுதும் பின்னினாலும், 'வீட்டில் சும்மா இருக்கும்' இல்லத்தரசிகளாகவே கணக்கிடப்பட்டார்கள், தொழிலாளிகளாக அல்ல. அவர்கள் பின்னியதை ஏற்றுமதி செய்தவர்களோ வியாபாரிகள் என்று பெயர் பெற்றார்கள். வெனிஸ் முதல் நரசாபூர் வரை கணக்கு ஒன்றுபோலவே இருக்கிறது.

வீட்டுக்கு ஒரு வார்த்தை

நம் வீட்டுப் பெட்டியில் பழைய ரேந்தைத் துண்டு இருந்தால் அதை எடுத்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். எல்லாப் பூவும் அச்சடித்தாற்போல் ஒன்றாக இருந்து, பின்புறம் வெட்டிய நூல் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் இயந்திரத்தின் வேலை. ஓரமெல்லாம் பஞ்சுபோல் சிலிர்த்திருந்தால், துணியில் பூவேலை செய்து அத்துணியை ரசாயனத்தில் கரைத்து எடுத்த போலிச் சரக்காக இருக்கலாம். பூவுக்குப் பூ மயிரிழை வித்தியாசம் தெரிந்து, விளிம்பில் நுண்ணிய காஜாத் தையல் நெருக்கமாக ஓடினால், அது ஊசி பிடித்த ஒரு கையின் வேலை.

அவ்விதம் கைவேலை என்று தெரிந்து ஒன்றை இனி வாங்கும்போது, விலை அதிகம் என்று பேரம் பேசத் தொடங்குமுன் எத்தனை நாள் வேலை என்று கேட்போம். விற்பவருக்கே பதில் தெரியவில்லையென்றால், பின்னியவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்பது நமக்கு ஒருவாறு விளங்கிவிடும். நியாயமான விலையை மனமுவந்து கொடுப்பதும், அது அவள் கைக்குப் போய்ச் சேரும் இடத்தில் வாங்குவதும் நாம் செய்யக்கூடிய காரியங்கள். காற்றில் தையல் போடத் தெரிந்தவர்களும் காற்றையே உண்டு வாழ முடியாது.