எந்த மழையின் நீர்?

தேனி மாவட்டத்தின் தென்பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் விரிந்து கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. மழை மறைவுப் பகுதியாயினும் இங்கு நெல்லும் வாழையும் திராட்சையும் செழிக்கின்றன. மேற்கு நோக்கிப் பாய்ந்த பெரியாற்றின் நீரை, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே 1895ஆம் ஆண்டு முதல் கிழக்கே திருப்பியதன் பயன் இது. அந்நீரால் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைகிறது. வாய்க்கால் எட்டாத மேட்டு நிலங்களோ கிணறுகளையே நம்பியுள்ளன.

அக்கிணறுகளில் ஊறுவது மலைச்சரிவில் பெய்த மழையா, வாய்க்காலில் கசிந்த பெரியாற்று நீரா, கண்மாயில் தேங்கிய நீரா? கண்ணுக்கு மூன்றும் ஒன்றே. வேறுபாட்டை அறிய நீரின் அணுக்களைத்தான் கேட்க வேண்டும்.

ஒரே தனிமத்தின் அணுக்களுள் நியூட்ரான் எண்ணிக்கையால் நிறை வேறுபடுபவை ஐசோடோப்புகள் எனப்படும். கடல்நீரில் ஏறத்தாழ 500 ஆக்சிஜன் அணுக்களுக்கு ஒன்று ஆக்சிஜன்-18. ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று டியூட்டிரியம். இக்கன அணுக்களைக் கொண்ட நீர் மூலக்கூறு ஆவியாகத் தயங்கும். மேகத்தில் குளிரும்போதோ முந்திக்கொண்டு மழையாய் விழும். எனவே மேகம் மலையேற ஏற, எஞ்சிய ஈரத்தில் கன அணுக்கள் குறைகின்றன. உயரம் 100 மீட்டர் கூடினால் மழைநீரின் ஆக்சிஜன்-18 ஆயிரத்தில் 0.15 முதல் 0.5 பங்கு வரை குறையும். அற்ப அளவுதான், ஆயினும் நிறைமாலைமானி அதனைத் தவறவிடுவதில்லை.

பருவமும் தன் அடையாளத்தை இடுகிறது. தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை, தென்மேற்குப் பருவமழையைவிடப் பெரும்பாலும் கன அணுக்கள் குறைந்தது. திறந்த நீர்நிலையில் நிகழ்வது வேறு. அங்கே இலேசான மூலக்கூறுகள் முதலில் ஆவியாகிவிட, கனமானவை தங்கிவிடுகின்றன. மழைநீரில் டியூட்டிரியமும் ஆக்சிஜன்-18உம் ஒரு நேர்கோட்டு உறவில் அமைவதை 1961இல் ஹார்மன் கிரெய்க் என்னும் அறிவியலாளர் காட்டினார். வெயிலில் காய்ந்த கண்மாய் நீர் அக்கோட்டிலிருந்து விலகி நிற்கும். மலைமழை, நீர்த்தேக்க நீர், கண்மாய் நீர் ஆகிய மூன்றின் மாதிரிகளோடு கிணற்று நீரை ஒப்பிட்டால், அதில் எதன் பங்கு மிகுதி என்பது புலப்படும்.

நீரின் வயதைச் சொல்வது டிரிட்டியம். ஹைட்ரஜனின் இக்கதிரியக்க ஐசோடோப்பின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 12.3 ஆண்டுகள். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வளிமண்டலத்தில் வெடித்த அணுகுண்டுகள் மழைநீரில் அதனைப் பெருக்கின. அழிவுக்கெனச் செய்த சோதனை, நீரியலாளருக்குக் காலக்குறியாய் வாய்த்தது விந்தையே. டிரிட்டியம் சிறிதும் இல்லாத நீர், அக்காலத்திற்கு முன்பே மண்ணுள் இறங்கியது எனக் கொள்ளலாம். மிகப் பழைய நீருக்கு, அதில் கரைந்துள்ள கார்பன்-14 பயன்படும். தென்னிந்தியாவின் ஆழ்நிலத்தடி நீரில் கடந்த 30,000 ஆண்டுகளின் காலநிலைத் தடயங்களை ஆராய்ந்து, ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவன அறிவியலாளர்கள் 1998இல் கட்டுரை வெளியிட்டனர்.

கம்பம் பள்ளத்தாக்கின் அடியில் இருப்பவை சார்னோகைட், நைஸ் போன்ற கடும்பாறைகள். மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஆகவே அருகருகே உள்ள இரு கிணறுகளின் நீர்கூட வெவ்வேறு வழியில் வந்தவையாக இருக்கக்கூடும். இதனை அறியாமல் செய்யும் நற்பணியும் தீங்காகலாம். வாய்க்காலுக்குச் சிமெண்டுத் தளமிட்டால் கசிவு நிற்கும். கடைமடைக்குக் கூடுதல் நீர் சேரும். அக்கசிவால் ஊறிய கிணறுகளோ வற்றும். மாறாக, ஊறுவது மலைச்சரிவின் மழையாயின் வாய்க்காலைச் செப்பனிடுவதால் அக்கிணறுகளுக்குக் குறைவில்லை. அடிவார ஓடைகளில் தடுப்பணை கட்டுவதே அவற்றுக்குப் பயன் தரும். டிரிட்டியமே இல்லாத ஆழ்துளைக் கிணறு என்றால், அங்கே இறைக்கப்படுவது ஆண்டு வருவாய் அன்று, பழைய சேமிப்பு.