ஒரே லென்ஸில் கோபுரமும் இட்லியும்

ஊர் ஊராகப் போய்ப் படமெடுப்பவர்களின் பையில் 24-105 அல்லது 24-120 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று இருந்தால், மூன்று லென்ஸ்களைச் சுமக்க வேண்டியதில்லை. 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கான முதல் ஜூம் 1959இல் வந்த ஃபோக்ட்லேண்டர் ‘ஜூமார்’; அது 36 முதல் 82 வரைதான் நீண்டது. இன்று மதுரைத் தெற்குக் கோபுரத்தைத் தள்ளி நின்று 24இல் முழுதாக எடுத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே 120இல் சில சுதைச் சிற்பங்களை மட்டும் பிரித்தெடுக்கலாம். வெயிலில் இதெல்லாம் எளிது. லென்ஸின் குணம் தெரியவருவது சாப்பாட்டு மேசையில்.

வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது, லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்பதை. இந்தத் தூரம் லென்ஸின் முகப்பிலிருந்து அல்ல, சென்சாரிலிருந்து கணக்கிடப்படுகிறது. பல கேமராக்களின் மேற்புறத்தில் சிறு வட்டமும் அதை வெட்டும் கோடும் பொறித்திருப்பது அந்த இடத்தைக் காட்டத்தான். கேனன் 2005இல் கொண்டுவந்த 24-105 லென்ஸுக்கு இது 45 செ.மீ.; அதில் சுமார் 16 செ.மீ. அகலமுள்ள பரப்பு, அதாவது பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு இட்லி, படத்தை நிறைக்கும். நிக்கான் இசட் வரிசையின் 24-120 லென்ஸ் 35 செ.மீ. வரை நெருங்கும். அதில் ஒற்றை இட்லியே போதும். மேல்தோலின் நுண்துளைகள்கூடத் தெரியும்.

தட்டுக்கு மேல் குனிந்து 24இல் எடுப்பது பரவலான தவறு. முன்னால் உள்ள சட்னிக் கிண்ணம் பூதாகரமாகும், பின்னால் உள்ளது சுருங்கிப்போகும். இதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, நிற்கும் தூரம். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி 70க்கு மேல் வைத்தால் தட்டு தட்டாகவே தெரியும்.

இந்த லென்ஸின் உண்மையான குறை வெளிச்சம். எஃப் 4 துவாரம், எஃப் 1.8 லென்ஸ் வாங்கும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கையே உள்ளே விடுகிறது. அதிர்வுத் தடுப்பு கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். சாம்பார் ஊற்றுபவரின் கை கலங்கித்தான் விழும். அதற்காக ஃபிளாஷ் போடுவது உணவின் மெருகைக் கெடுக்கிறது, பக்கத்து மேசையில் சாப்பிடுபவர்களையும் தொல்லைப்படுத்துகிறது. ஜன்னலோர மேசையைக் கேட்டு வாங்கி, இட்லி வருமுன்பே தண்ணீர் தம்ளரை வைத்து ஒளியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஆவி பறப்பது ஓரிரு நிமிடம்தான்.