சூடேறும் பழைய கார்: முதலில் கேட்க வேண்டிய கேள்வி

வகுப்புக்கும் பகுதிநேர வேலைக்கும் போய்வர நம்மில் பலருக்குக் கிடைப்பது வீட்டில் இருக்கும் பழைய கார்தான். 1985இல் வந்த சாகா, 1994இல் வந்த கஞ்சில் ஆகியவற்றின் பழைய வண்டிகளை இன்றும் சாலையில் பார்க்கிறோம். வயதான கார் எதுவானாலும் ஒருநாள் எஞ்சின் சூடேறும்.

எங்கள் வீட்டுக் காருக்கு 20 வயதுக்கு மேல். அது சூடேறத் தொடங்கியதும் ஒரு பட்டறையில், "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, 2,000 வெள்ளிக்கு மேல் ஆகும்" என்றார்கள். காரை விற்றுவிடலாம் என்று அம்மா முடிவெடுத்துவிட்டார். எங்கள் தாமானில் பட்டறை வைத்திருக்கும் அங்கிள் மட்டும் பானட்டைத் திறக்கும் முன்பே கேட்டார்: "எப்ப சூடாகுது? ஜாம்ல நிக்கும்போதா, ஹைவேல ஓடும்போதா?"

இந்தக் கேள்வியில் பாதி விடை இருக்கிறது. எஞ்சினைச் சுற்றிவரும் நீர், வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டுவருகிறது. கார் ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது அந்த வேலையை மின்விசிறி செய்ய வேண்டும். எனவே நெரிசலில் மட்டும் சூடேறினால் விசிறி, ரிலே, வெப்ப உணரி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். நெடுஞ்சாலையிலும் சூடேறினால் தெர்மோஸ்டாட், நீர்ப் பம்பு, ரேடியேட்டர் அடைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வெளியே கசிவு இல்லாமலே நீர் குறைந்து, புகைக்குழாயில் வெண்புகை விடாமல் வந்தால், அல்லது எஞ்சின் எண்ணெய் தே தாரிக் நிறத்துக்கு மாறினால்தான் ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகம் வலுக்கும்.

எங்கள் கார் நெரிசலில் மட்டுமே சூடேறியது. எஞ்சின் சூடாகியும் விசிறி சுழலவில்லை. நேரடியாக மின்சாரம் கொடுத்ததும் சுழன்றது. பழுது ரிலேயில். செலவு 40 வெள்ளி.

நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று படித்திருக்கிறோம். ரேடியேட்டர் மூடி, பிரஷர் குக்கரைப் போல் அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையைச் சுமார் 120 டிகிரி வரை உயர்த்துகிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறைந்து, நீர் கொதித்துப் பீறிடும். முகமும் கையும் வெந்துவிடும். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் நிற்காமல் போனாலும் நீர் சீக்கிரம் கொதிக்கும்.

வெப்பமானி முள் ஏறினால் ஏர்கோனை அணைத்து, பாதுகாப்பாக ஓரம்கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். வெளிநாட்டுக் காணொளிகளில் ஹீட்டரைப் போடச் சொல்வார்கள். இங்குள்ள பல பழைய கார்களில் ஹீட்டரே கிடையாது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே நீர் ஊற்றுங்கள். 'வீடு பக்கம்தானே' என்று ஓட்டினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட் உண்மையிலேயே போய்விடும். 40 வெள்ளிப் பழுது 2,000 வெள்ளிப் பழுதாவது இப்படித்தான்.

பழுதை நாமே சரிசெய்யத் தெரிய வேண்டும் என்பதில்லை. எப்போது சூடேறியது, விசிறி சுழன்றதா, நீர் எவ்வளவு குறைந்தது என்று குறித்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். எஞ்சினை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்க அந்தக் குறிப்பு போதும்.