சனங்களின் தொலைக்காட்சிக்கு நிரந்தர நிரை கிடைக்குமா?



அந்திக் கொழுந்தை நிறுத்துவிட்டு, பிள்ளை மடுவத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் செய்வது டீவியைப் போடுவதுதான். நாடகம் பார்க்கிறோம், படம் பார்க்கிறோம், செய்தி கேட்கிறோம். ஆனால் அந்தப் பெட்டிக்குள் நம்ம லயத்து ஆள் ஒருவர் நம்ம பேச்சில் பேசுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்? தேர்தல் நேரத்திலோ மண்சரிவு நேரத்திலோ மட்டும் கமரா மலை ஏறி வரும். பிறகு இறங்கிப் போய்விடும்.

சாதாரண சனங்களே நடத்தும் தொலைக்காட்சி என்று ஒன்று உலகத்தில் உண்டு. அதைச் சமூகத் தொலைக்காட்சி என்பார்கள். அவுஸ்திரேலியாவில் அது 1994 முதல் இருக்கிறது. அங்கே அது பட்ட பாட்டை இந்த இதழில் பார்ப்போம். அதில் நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய விசயம் இருக்கிறது.

சமூகத் தொலைக்காட்சி என்றால் என்ன?

தொலைக்காட்சி நிலையங்கள் பொதுவாக இரண்டு வகை. ஒன்று அரசாங்கம் நடத்துவது. நம் நாட்டில் 1982இல் தொடங்கிய ரூபவாஹினி அந்த வகை. மற்றது இலாபத்துக்காகக் கம்பெனிகள் நடத்துவது. சமூகத் தொலைக்காட்சி இந்த இரண்டிலும் சேராது. அதை இலாபம் தேடாத சங்கங்கள் நடத்தும். நிகழ்ச்சி செய்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

மெல்பேர்ண் நகரத்தில் 'சனல் 31' என்ற நிலையம் 1994இல் தொடங்கியது. சிட்னி, பிரிஸ்பேன், அடிலெய்ட் நகரங்களுக்கும் அதே காலத்தில் இப்படி நிலையங்கள் வந்தன. பேர்த் நகரத்துக்குச் சில வருடங்கள் கழித்து வந்தது. வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் மொழியில் நிகழ்ச்சி செய்தார்கள். மாணவர்கள் கமரா பிடிக்கப் பழகினார்கள். உள்ளூர் விளையாட்டு, மீன்பிடி, இசை, சமயம் எல்லாம் அதில் வந்தன. பிற்காலத்தில் பெரிய நிலையங்களில் பெயர் வாங்கிய ரோவ் மெக்மானஸ், ஹேமிஷ், அன்டி போன்றவர்கள் சனல் 31இல் தொழில் படித்தவர்கள்தான்.

இந்த நிலையங்கள் மற்றவர்களைப் போல விளம்பரம் போட முடியாது. அனுசரணையாளர் பற்றிய அறிவித்தல் மட்டும் போடலாம். அதுவும் மணித்தியாலத்துக்கு 7 நிமிடத்துக்கு மேல் கூடாது. அந்த வருமானத்தை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

அலைவரிசை என்பது ஒரு நிரை

இனி விசயத்துக்கு வருவோம். டீவிப் படம் காற்றில் எப்படி வருகிறது?

மலையில் கங்காணி நிரை பிரித்துக் கொடுப்பது நமக்குத் தெரியும். ஒருத்தியின் நிரையில் இன்னொருத்தி இறங்கினால் சண்டைதான், வேலை நடக்காது. ஆகாயத்திலும் அப்படியே. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் அலைவரிசை, அதாவது ஒரு நிரை, பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரே நிரையில் இரண்டு பேர் ஒளிபரப்பினால் படம் கலங்கிப்போகும். நிரைகள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். அவை பொதுச் சொத்து, அரசாங்கம் பொறுப்பாக இருந்து பிரித்துக் கொடுக்கும். நம் நாட்டில் இந்த வேலையைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பார்க்கிறது.

பழைய அனலாக் முறையில் ஒரு நிரையில் ஒரு நிலையம்தான் போகலாம். புதிய டிஜிட்டல் முறையில் அதே நிரையில் பல நிலையங்கள் போகலாம். அவுஸ்திரேலியாவில் ஒரு நிரையின் அகலம் 7 மெகாஹேர்ட்ஸ். 2013 முடிவில் அங்கே அனலாக் முறையை முற்றாக நிறுத்தினார்கள். எல்லோரையும் நெருக்கிவைத்ததில் நிறைய இடம் மிச்சமானது. அந்த மிச்சத்தில் ஒரு பெரிய பங்கை 2013இல் கையடக்கத் தொலைபேசிக் கம்பெனிகளுக்கு ஏலத்தில் விற்றார்கள். அரசாங்கத்துக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட 200 கோடி அவுஸ்திரேலிய டொலர்!

ஆகாயத்துக்கு இவ்வளவு விலை என்று தெரிந்த பிறகு, காசில்லாதவன் அங்கே நிற்பது கஷ்டம். சமூகத் தொலைக்காட்சிக்கு வந்த வில்லங்கமும் அதுதான்.

தவணை மேல் தவணை

டிஜிட்டல் முறை வந்த பிறகு பெரிய நகரங்களில் தொலைக்காட்சிக்கு ஆறு நிரைகள் இருந்தன. இரண்டு அரசாங்க நிலையங்களுக்கும் மூன்று பெரிய கம்பெனிகளுக்கும் ஐந்து போயின. ஆறாவதைச் சமூகத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தார்கள். ஆனால் "இது தற்காலிகம்தான்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

2014 செப்டெம்பரில் அப்போதைய தொடர்பாடல் அமைச்சர் மல்கம் டேர்ன்புல் ஓர் அறிவிப்புச் செய்தார். 2015 முடிவில் சமூகத் தொலைக்காட்சி ஆகாயத்தை விட்டு இணையத்துக்குப் போய்விட வேண்டும் என்றார். அவர் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். இணையத்தில் செலவு குறைவு. ஒரு நகரத்துக்கு மட்டுமில்லை, உலகம் முழுதும் பார்க்கலாம். ஆறாவது நிரையைப் புதிய தொழில்நுட்பத்துக்குப் பயன்படுத்தலாம்.

நிலையங்கள் வேண்டாம் என்று மன்றாடின. தவணை 2016 முடிவு வரை தள்ளிப்போனது. பிறகு 2017, அதன் பிறகு 2018, 2020 என்று நீண்டுகொண்டே போனது. 2020 ஜூன் மாதம் முடியும் தறுவாயில், இன்னும் ஒரு வருடம் இருக்கலாம் என்றார்கள். 2021இல், 2024 ஜூன் வரை இருக்கலாம் என்றார்கள்.

இதற்குள் சிட்னி நிலையம் 2015 முடிவிலேயே ஆகாயத்தை விட்டு இறங்கிவிட்டது. 2017இல் பிரிஸ்பேன் நிலையமும் 2020இல் பேர்த் நிலையமும் இறங்கின. மெல்பேர்ணும் அடிலெய்டும் மட்டுமே மிஞ்சின. 2024இல் அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அந்த நிரை வேறு தேவைக்கு வேண்டும் என்று வரும் வரை இந்த இரண்டும் இருக்கலாம் என்று ஆனது.

நல்ல செய்திதான். ஆனால் "வேறு தேவை" எப்போது வரும்? அடுத்த வருடமா, பத்து வருடம் கழித்தா? அதைச் சட்டம் சொல்லவில்லை.

உறுதியில்லாத இடத்தில் வாழ்வது

இது என்ன கஷ்டம் என்று வேறு யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கலாம். நமக்கு வேண்டியதில்லை. பாட்டன் காலத்திலிருந்து இருக்கிற லயத்துக் காம்பராதான், ஆனால் நம் பெயரில் உறுதி கிடையாது. கூரைத் தகரம் மாற்றலாமா, குசினியை இழுத்துக் கட்டலாமா என்று யோசித்து யோசித்தே காலம் போகிறது. உறுதி இல்லாத இடத்தில் யார்தான் காசைப் போடுவார்கள்?

சனல் 31இன் நிலையும் அதுவே. அடுத்த ஜூனில் இருக்குமோ இருக்காதோ என்கிற நிலையத்துக்கு எந்த அனுசரணையாளர் மூன்று வருடத்துக்குக் காசு தருவார்? புதிய கமரா வாங்குவதா, வேண்டாமா? ஆகவே ஒரு நிலையத்தை மூடு என்று கட்டளை போடத் தேவையில்லை. வருடா வருடம் தவணை கொடுத்துக்கொண்டிருந்தாலே போதும், அது தானாக மெலிந்துவிடும்.

"ஏங்க, இப்ப எல்லாரும் போன்லதானே பாக்குறாங்க? இணையத்துக்குப் போனா என்னாங்க?" என்று நம் இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அன்டெனாவில் வரும் டீவிக்கு மாதக் கட்டணம் இல்லை. இணையத்துக்கு டேட்டா போட வேண்டும். லயத்தில் ஒரு போனை நாலு பேர் பங்குபோடும் வீடுகள் உண்டு. மலைக்குப் பின்னால் இருக்கும் பிரிவுகளில் சிக்னல் தேடி ரோட்டுக்கு ஏறிப் போகும் பிள்ளைகளும் உண்டு. அவுஸ்திரேலியாவிலும் வயதானவர்களும் வருமானம் குறைந்தவர்களும் அன்டெனாவை நம்பி இருக்கிறார்கள். இணையம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது கூடுதலாக வரட்டும். இருப்பதைப் பிடுங்கிவிட்டு அதைக் கொடுப்பதுதான் பிழை.

நமக்கு என்ன?

நம் மலைநாட்டுக்கும் இதில் ஒரு முன் அனுபவம் உண்டு. 1989இல் கொத்மலையில் சமூக வானொலி தொடங்கியது. இணையம் என்ற பேரே புதிதாக இருந்த 1990களின் கடைசியில், கேட்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இணையத்தில் பதில் தேடி, அதை வானொலியில் சொன்னார்கள். வெளிநாட்டவர்கள் வந்து பார்த்துப் படித்துப் போன முயற்சி அது. ஆனால் அந்த வானொலிக்கும் சொந்த நிரை இல்லை. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ்தான் அது இயங்கியது.

நம் நாட்டுத் தொலைக்காட்சியை டிஜிட்டல் முறைக்கு மாற்றும் பேச்சும் பல வருடங்களாக இருக்கிறது. 2014இல் அரசாங்கம் அதற்காக ஜப்பானிய முறையைத் தெரிவு செய்தது. அந்த மாற்றம் முழுமையாகும்போது இங்கும் நிரைகள் மிச்சமாகும். அப்போது நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்:

1. மிச்சமாகும் நிரைகள் யாருக்குப் போகும்? எல்லாம் ஏலத்துக்கா?

2. ஒரு நிரையாவது சனங்களின் நிலையங்களுக்கு, தமிழிலும் சிங்களத்திலும், ஒதுக்கப்படுமா?

3. ஒதுக்கினால் அது சட்டத்தில் எழுதிய உரிமையா, இல்லை, வருடா வருடம் போய்க் கேட்கும் தயவா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். அவுஸ்திரேலியாவில் சனங்களுக்கு நிரை கிடைக்காமல் போகவில்லை. உறுதியில்லாமல் கிடைத்தது. அதனால்தான் ஐந்து நகரங்களில் மூன்று நகரங்களின் நிலையங்கள் ஆகாயத்தில் இல்லாமல் போயின.

வாசக நண்பர்களே! சனசமூக நிலையத்திலும் இளைஞர் கழகத்திலும் இதைப் பற்றிப் பேசிப்பாருங்கள். நம் தோட்டங்களுக்கென்று ஒரு தொலைக்காட்சி வந்தால் அதில் முதல் நிகழ்ச்சி எதுவாக இருக்க வேண்டும் என்று எங்களுக்கு எழுதுங்கள். பிள்ளைகளும் எழுதலாம். வரும் கடிதங்களை அடுத்த இதழில் போடுவோம்.